உலக வர்த்தக அமைப்பில் வளரும் நாடுகளுக்கு உண்மையில் எவ்வளவு இடம் இருக்கிறது?

பாளையங்கோட்டையில் வணிகவியல் படிக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது: "உலக வர்த்தக அமைப்பில் எல்லா நாட்டுக்கும் ஒரே ஓட்டு, அதில் வளரும் நாடுகள்தான் பெரும்பான்மை என்று படிக்கிறோம். அப்படியானால் விதிகள் ஏன் பணக்கார நாடுகள் பக்கமே சாய்ந்திருக்கின்றன? நம்ம திருநெல்வேலிப் பக்கத்து விவசாயிக்கும் மீனவருக்கும் இதில் என்ன சம்பந்தம்? இந்தத் துறைக்கு வர நினைப்பவர் என்ன செய்யலாம்?" தூத்துக்குடியில் ஏற்றுமதி ஆவண வேலையில் நெடுங்காலம் இருந்தவன் என்பதால், தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தம்பி, நாற்காலி கிடைப்பது ஒன்று, வரைவு எழுதப்படும் நேரத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பேசுவது வேறொன்று. முதலாவது நமக்கு எப்போதோ கிடைத்துவிட்டது. இரண்டாவதுக்குத்தான் இன்னும் பாடு. அதற்கான தடைகளில் பாதி, அமைப்பின் தலைமையகம் உள்ள ஜெனீவாவில் இருக்கிறது, மீதி பாதி நம் நாட்டுக்குள்ளேயே இருக்கிறது என்பது என் எண்ணம்.

உலக வர்த்தக அமைப்புக்கு முன்னோடியான காட் ஒப்பந்தத்தை 1947-ல் தொடங்கிய 23 நாடுகளில் இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை எல்லாம் உண்டு. ஆகவே ஏழை நாடுகளை உள்ளே விடவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த நாடுகள் எதை விற்றுப் பிழைத்தனவோ அந்தப் பொருள்களைத்தான் விதிகளுக்கு வெளியே தள்ளி வைத்தார்கள். 1955-ல் அமெரிக்கா தன் விவசாயத்துக்கு விதிவிலக்கு வாங்கிக்கொண்டது. துணிக்கு 1961-லிருந்தே தனி ஏற்பாடு. 1974-ல் வந்த பல்லிழை ஒப்பந்தத்தின்படி நம் துணிக்கு நாடுவாரியாக கோட்டா. அந்தக் கோட்டா முழுதாக ஒழிந்தது 2005 ஜனவரி 1 அன்றுதான். எந்திரத்துக்கும் மோட்டாருக்கும் தாராள வர்த்தகம், பருத்திக்கும் துணிக்கும் வேலி. விதிகளின் சாய்வு அங்கேயே தொடங்கிவிட்டது.

இப்போது ஓட்டு விஷயம். 166 உறுப்பினர்கள், ஆளுக்கு ஓர் ஓட்டு. ஆனால் நடைமுறையில் ஓட்டெடுப்புக்குப் போவதில்லை, எல்லாம் கருத்தொற்றுமைதான். கருத்தொற்றுமை என்றால் என்ன என்பதற்கு, அமைப்பை உருவாக்கிய ஒப்பந்தத்தின் ஓர் அடிக்குறிப்பில் விளக்கம் இருக்கிறது: கூட்டத்துக்கு வந்திருக்கும் உறுப்பினர் யாரும் முறைப்படி எதிர்ப்புச் சொல்லவில்லை என்றால் முடிவு நிறைவேறியதாகக் கொள்ளப்படும். "வந்திருக்கும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஊர்க்கூட்டத்துக்கு வராத வீட்டுக்கும் வரி உண்டு என்பது மாதிரிதான். வராத நாடு ஒப்புக்கொண்ட நாடாகிவிடுகிறது. ஜெனீவாவில் ஒரே நாளில் பல குழுக்கள் கூடுகின்றன. பணக்கார நாடுகளுக்கு ஒவ்வொரு பொருளுக்கும் தனி ஆள் உண்டு. சில சின்னஞ்சிறு நாடுகளுக்கு அந்த ஊரில் அலுவலகமே கிடையாது. அவர்களுக்காக ஜெனீவா வாரம் என்ற ஒன்றை நடத்தி அழைத்து வருகிறார்கள். ஆண்டின் மற்ற வாரங்களில்?

இந்தியாவுக்கு அந்தக் குறை இல்லை. உலக வர்த்தக அமைப்புக்கென்றே ஜெனீவாவில் நமக்குத் தனித் தூதரகப் பிரிவு இருக்கிறது. 'பச்சை அறை' என்று பெயர்பெற்ற சிறு கூட்டங்களுக்கும் இந்தியாவை அழைக்காமல் இருப்பதில்லை. 1999-ல் சியாட்டில் மாநாட்டில் ஆப்பிரிக்க, கரீபிய நாடுகளின் அமைச்சர்களை அந்த அறைக்கு வெளியே நிறுத்தினார்கள். எங்களைச் சேர்க்காமல் எடுக்கும் முடிவுக்கு நாங்கள் இணங்க மாட்டோம் என்று அவர்கள் அறிக்கை விட்டார்கள், மாநாடு முறிந்தது. வெளியே தெருவில் நடந்த ஆர்ப்பாட்டம்தான் செய்திகளில் வந்தது. உள்ளே நடந்த இந்த மறுப்பும் அதே அளவு பெரியது என்று நான் நினைக்கிறேன்.

நம்ம ஊருக்கு வருவோம். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கம் பிசான நெல் அறுவடை முடிந்ததும் நேரடி கொள்முதல் நிலையத்தில் மூட்டைகள் வரிசையில் நிற்கும். அங்கே கொடுக்கும் விலையை உலக வர்த்தக அமைப்பு எப்படிக் கணக்குப் போடுகிறது தெரியுமா? அரசு கொடுக்கும் விலையையும் ஒரு 'வெளி ஆதார விலை'யையும் ஒப்பிடுகிறார்கள். இடைவெளியைக் கொள்முதல் அளவால் பெருக்கினால் வருவது மானியம். வளரும் நாடுகளில் அது அந்தப் பயிரின் மொத்த மதிப்பில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆதார விலை 1986–88 காலத்து விலை. அதை அப்படியே உறைய வைத்துவிட்டார்கள். அரிசிக்கு இந்தியாவின் பட்டியலில் இருப்பது டன்னுக்கு 3,520 ரூபாய், அதாவது கிலோ மூன்று ரூபாய் 52 காசு. 2025–26-ல் மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை சாதாரண ரக நெல்லுக்குக் குவிண்டால் 2,369 ரூபாய். அரிசியாக்கிப் பார்த்தால் கிலோ 35 ரூபாய் பக்கம் வரும். இடைவெளி முழுவதும் விவசாயிக்குக் கொடுத்த சலுகை என்கிறது அந்தச் சூத்திரம். உரமும் டீசலும் ஆள்கூலியும் 1986-ல் இருந்த இடத்திலா இருக்கின்றன?

இந்தியா இந்தக் கணக்கை ரூபாயில் காட்டாமல் டாலரில் காட்டுகிறது. டாலரில் அந்தப் பழைய விலை டன்னுக்கு 262.51. அப்போது இடைவெளி வெகுவாகச் சுருங்குகிறது. அப்படியும் 2018–19-ல் அரிசிக்குக் கொடுத்த ஆதரவு 10 விழுக்காட்டைத் தாண்டி 11.46 ஆனது. அமெரிக்கா 2018-ல் வேறொரு கணக்குப் போட்டு, 2010–11 முதல் 2013–14 வரையான ஆண்டுகளுக்கு இந்தியாவின் அரிசி ஆதரவு 74-லிருந்து 84 விழுக்காடு வரை இருந்தது என்று அமைப்பில் எழுதிக் கொடுத்தது. ரூபாயில் கணக்கிட்டு, அரசு வாங்கிய நெல்லை மட்டும் எடுக்காமல் நாட்டில் விளைந்தது முழுவதையும் எடுத்துக்கொண்டால் அப்படி வரும். அதே ஆண்டுகளுக்கு இந்தியா காட்டியது 10-க்குள். அதே நெல், அதே கொள்முதல் நிலையம், எண் மட்டும் பல மடங்கு வேறு. எந்த நாணயம், எந்த அளவு என்று விவசாய ஒப்பந்தம் எழுதும்போதே தெளிவாகக் கேட்காமல் விட்டதன் விலை இது. அந்த ஒப்பந்தமும் உலக வர்த்தக அமைப்பும் உருவான உருகுவே சுற்றுப் பேச்சுவார்த்தை நடந்த காலத்தில் நம் ஆதரவு விலை உலக விலையைவிடக் கீழே இருந்தது, கணக்கில் மானியம் எதிர்மறையாகத்தான் வந்தது. அதனால் ஆபத்து அப்போது கண்ணில் படவில்லை. இன்னொரு பக்கம், அந்த ஆண்டுகளில் விவசாயத்துக்கு அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்த நாடுகளுக்கு, அதைக் கொஞ்சம் குறைத்துவிட்டு மீதியைத் தொடர்ந்து கொடுக்கும் உரிமை எழுத்தில் கிடைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு இப்படிக் கிடைத்த வரம்பு ஆண்டுக்கு 7,200 கோடி யூரோவுக்கும் மேல். அன்று கொடுக்க முடியாமல் இருந்த நாடுகளுக்கு 10 விழுக்காடு மட்டும்.

இதை மாற்றத்தான் 2013-ல் பாலியில் நடந்த அமைச்சர்கள் மாநாட்டில் இந்தியா பிடிவாதம் பிடித்தது. கிடைத்தது 'சமாதான விதி': வரம்பைத் தாண்டினாலும் யாரும் வழக்குப் போடக் கூடாது. அது எத்தனை நாளைக்கு என்ற கேள்வி எழுந்தது. 2014 ஜூலையில், சுங்க நடைமுறைகளை எளிதாக்கும் வர்த்தக வசதி ஒப்பந்தத்துக்கு இந்தியா ஒப்புதல் தராமல் நிறுத்தி வைத்தது. நவம்பரில், நிரந்தரத் தீர்வு வரும்வரை சமாதான விதி தொடரும் என்று எழுதி வாங்கியது. அந்த நேரத்தில் இந்தியாவை முரட்டு நாடு என்று பல பத்திரிகைகள் திட்டின. என் பார்வையில் அது சரியான முடிவு. ஆனால் விதியில் நிபந்தனைகள் உண்டு: 2013-க்கு முன்பே இருந்த திட்டங்களுக்கு மட்டும், அடிப்படை உணவுப் பயிருக்கு மட்டும், ஒவ்வோர் ஆண்டும் கணக்குக் காட்ட வேண்டும். நிரந்தரத் தீர்வு இன்னும் வரவில்லை.

நெல்லுக்கு டெல்லி சண்டை போடும். சின்னப் பயிர்களுக்கு யார் பேசுவது? நான் வேலை பார்த்த காலத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது இதுதான். நம் தேரிப் பக்கத்துக் காய்ந்த நிலத்தில் அதிகத் தண்ணீர் கேட்காமல் வளரும் நிலாவாரை, மலச்சிக்கல் மருந்துக்காகத் 'டின்னவெல்லி சென்னா' என்ற பெயரில் உலகம் முழுக்கப் போகிறது. மருந்து நூல்களில் நம் ஊர்ப் பெயரோடு இருக்கும் இலை அது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு பூச்சிமருந்துக்கும் பொருளுக்கும் தனி வரம்பு குறிக்கப்படவில்லை என்றால், தானாகவே கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் வரம்பு. பத்துக் கோடியில் ஒரு பங்கு. பக்கத்துத் தோட்டத்தில் அடித்த மருந்து காற்றில் வந்தாலே தாண்டிவிடக்கூடிய அளவு. பெரிய பயிர்களுக்கு யாராவது ஆய்வு செய்து, தரவு கொடுத்து, தனி வரம்பு கேட்டு வாங்குகிறார்கள். சின்னப் பயிருக்குத் தரவு சேர்க்கவே ஆளில்லை, அதனால் அந்தக் கடைசி வரம்பே மிஞ்சுகிறது.

இதை அநியாயம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. சாப்பிடுகிறவர் உடம்பைப் பாதுகாக்க ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு, அதை உலக வர்த்தக அமைப்பின் உணவு, தாவரப் பாதுகாப்பு ஒப்பந்தமும் ஏற்கிறது. அதே ஒப்பந்தம் இன்னொன்றும் சொல்கிறது: புதிய கட்டுப்பாடு கொண்டு வரும் நாடு வரைவை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், மற்ற நாடுகள் கருத்துச் சொல்ல வழக்கமாக 60 நாள் கொடுக்க வேண்டும். உண்மையான பங்கேற்பு அந்த 60 நாளில்தான் இருக்கிறது. மாநாட்டு மேடையில் அமைச்சர் பேசுவதைவிட, அந்த 60 நாளுக்குள் சாத்தான்குளத்து விவசாயியின் நிலத்து உண்மையை எண்களோடு எழுதி அனுப்புவது பலன் தரும். நடைமுறையில் என்ன ஆகிறது? வரைவு வந்ததே ஊரில் யாருக்கும் தெரியாது. விதி அமலுக்கு வந்து, கண்டெய்னர் அந்தப் பக்கத்துத் துறைமுகத்தில் நிறுத்தப்பட்ட பிறகுதான் இங்கே போன் வரும். அப்போது எதிர்ப்புச் சொல்ல இடமே இருக்காது. இறக்குமதியாளர் திருப்பி எடுத்துக்கொள் என்பார், நஷ்டம் வியாபாரியிடமிருந்து இறங்கி இறங்கி இலை பறித்தவர் கூலியில் வந்து நிற்கும்.

முடியாத காரியம் இல்லை என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பில் மசாலாப் பொருள்களுக்கென்று தனிக் குழு வேண்டும் என்று இந்தியா கேட்டு வாங்கியது. 2013-ல் அமைந்த அந்தக் குழுவை நடத்துவது இந்தியாதான், முதல் கூட்டம் 2014-ல் கொச்சியில் நடந்தது. மிளகுக்கும் சீரகத்துக்கும் உலகத் தரம் எழுதும்போது பேனா நம் கையில் இருந்தது. மூலிகைகளுக்கும் இதே முனைப்பு வேண்டும்.

அப்புறம் கடல். உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, கூட்டப்புளி மக்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ளது மீன்பிடி மானிய ஒப்பந்தம். 2001-ல் தோகாவில் பேச்சு தொடங்கி 2022 ஜூனில் முதல் பகுதி முடிந்தது, 2025 செப்டம்பர் 15 அன்று அமலுக்கு வந்தது. திருட்டு மீன்பிடிப்புக்கும், அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்ட மீன் இனங்களுக்கும், யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லாத ஆழ்கடல் மீன்பிடிப்புக்கும் மானியம் கூடாது என்பது அதன் சாரம். நோக்கம் நல்லது. கடலில் மீன் குறைந்திருப்பதை நம் மீனவர்களைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடியவர்கள் யார்? சிக்கல் அடுத்த பகுதியில் இருக்கிறது: மீன்பிடித் திறனைக் கூட்டும் மானியங்கள் எல்லாவற்றையும் கட்டுப்படுத்துவது. நம் பக்கம் மானியம் என்பது வரியில்லா டீசல், நாட்டுப்படகுக்கு மண்ணெண்ணெய், இப்படித்தான். சில பணக்கார நாடுகளின் பெரிய கப்பல்களோ சொந்தக் கடலைக் காலி செய்துவிட்டு அடுத்த கண்டத்துக் கடலுக்குப் போய் அள்ளுகின்றன, அதற்கும் மானியம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பதுதான் இந்தியாவின் வாதம். தனக்கு 25 ஆண்டு அவகாசம் கேட்டது, தொலைதூரக் கப்பல்களுக்கு மானியம் கொடுக்கும் நாடுகள் 25 ஆண்டு அதை நிறுத்த வேண்டும் என்றும் கேட்டது.

வாதம் சரி. ஆனால் நம் கடற்கரையில் இருப்பவருக்கு இன்னொரு உண்மையும் தெரியும். நாட்டுப்படகுக்காரருக்கும் விசைப்படகுக்காரருக்கும் இங்கேயே தீராத சண்டை. இழுவலை போட்டுக் கரையோரம் அரிக்கிறார்கள் என்று ஒரு தரப்பு எத்தனையோ ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. 'வளரும் நாட்டு மீனவர்' என்று ஜெனீவாவில் ஒரே பெயரில் பேசும்போது இருவரில் யாருக்காகப் பேசுகிறோம்? கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் கேட்ட விலக்கு கடைசியில் பெரிய படகு முதலாளிக்குப் போய்ச் சேர்ந்தால், பங்கேற்பு என்ற சொல்லுக்கே பொருள் இல்லை. அரசு நிலைப்பாடு எடுக்கும் முன் கடற்கரைக் கிராமங்களில் கூட்டம் போட்டுக் கேட்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

உலக வர்த்தக அமைப்பில் நாடுகள் ஒன்றின் மேல் ஒன்று போடும் வழக்குகளைப் பற்றி. 1998-ல் இறால்–ஆமை வழக்கில் இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் சேர்ந்து அமெரிக்காவை எதிர்த்து வென்றன. ஆமை தப்பிக்கும் கருவி இல்லாத வலையில் பிடித்த இறால் வேண்டாம் என்ற அமெரிக்கச் சட்டம் நாடுகளிடையே பாரபட்சம் காட்டியது என்று தீர்ப்பு. ஆனால் ஆமையைக் காக்க இறக்குமதியைத் தடுக்கலாம் என்ற கொள்கையைத் தீர்ப்பு தள்ளவில்லை. அமெரிக்கா நடைமுறையைத் திருத்திக்கொண்டது, சட்டம் நின்றது. 2019-லிருந்து நம் கடலில் பிடித்த இறாலுக்கு அங்கே தடை. பண்ணை இறாலுக்கு அந்தத் தடை இல்லை.

வென்றும் பலன் கிடைக்காத நாடு ஆன்டிகுவா. இணையச் சூதாட்ட வழக்கில் அமெரிக்காவை வென்றது, 2007-ல் ஆண்டுக்கு 2.1 கோடி டாலர் அளவுக்கு வர்த்தகச் சலுகைகளை நிறுத்திப் பதிலடி கொடுக்க அனுமதியும் பெற்றது. அந்தக் குட்டித் தீவு அமெரிக்காவுக்கு என்ன பதிலடி கொடுத்துவிட முடியும்? பிரேசில் பெரிய நாடு, அதனால் பருத்தி மானிய வழக்கை 2002-ல் தொடங்கி 2014-ல் 30 கோடி டாலர் வாங்கி முடித்தது. அதே அமெரிக்க மானியத்தால் அடிபட்ட பெனின், புர்கினா பாசோ, சாட், மாலி நாடுகளின் பருத்தி விவசாயிகளுக்கு அந்தப் பணத்தில் பங்கில்லை. கோவில்பட்டிக் கரிசலில் பருத்தி போட்டவர்களுக்கு அவர்கள் வேதனை புரியும்.

இப்போது மேல்முறையீட்டு அமைப்பே முடங்கிக் கிடக்கிறது. புதிய உறுப்பினர் நியமனத்தை அமெரிக்கா தடுத்ததால் 2019 டிசம்பரிலிருந்து வழக்கு கேட்க ஆளில்லை. கரும்பு, சர்க்கரை மானிய வழக்கில் 2021-ல் இந்தியாவுக்கு எதிராகத் தீர்ப்பு வந்ததும் இந்தியா இந்த ஆளில்லாத அமைப்புக்கு மேல்முறையீடு செய்தது, தீர்ப்பு அப்படியே தொங்குகிறது. இன்றைக்கு நமக்கு வசதிதான். ஆனால் விதியும் நீதிமன்றமும் இல்லாத இடத்தில் வலுத்தவன் சொன்னதே சட்டம். 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீதான கூடுதல் வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது தூத்துக்குடி கடல் உணவு ஏற்றுமதியாளர்கள் முறையிட எந்த வாசலும் இல்லாமல் நின்றார்கள். மேல்முறையீட்டு அமைப்பு உயிர்பெறுவது இந்தியாவின் முதல் கோரிக்கையாக இருக்க வேண்டும் என்பேன்.

வளரும் நாடுகள் சேர்ந்து நின்றபோது கிடைத்தவையும் சிறியவை அல்ல. 2001-ல் தோகாவில், உயிர்காக்கும் மருந்துக்குக் காப்புரிமை குறுக்கே நிற்கக் கூடாது என்ற பிரகடனத்தை ஆப்பிரிக்க நாடுகளும் இந்தியாவும் பிரேசிலும் சேர்ந்து பெற்றன. 2003-ல் கான்கூனில் ஜி-20 என்ற விவசாயக் கூட்டணி (நாட்டுத் தலைவர்கள் கூடும் ஜி-20 வேறு) பணக்கார நாடுகளின் வரைவை நிராகரித்தது. ஆனால் எல்லா விஷயத்திலும் ஒரே அணி என்று நினைத்துவிடாதீர்கள். 2024-ல் அபுதாபியில், வெளிநாட்டு முதலீட்டுக்கான நடைமுறைகளை எளிதாக்கும் முதலீட்டு வசதி ஒப்பந்தத்தை இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் எதிர்த்தபோது, அதை ஆதரித்தவர்களில் பெரும்பாலோர் வளரும் நாடுகள்தான்.

நம் நாட்டுக்குள் இருக்கும் தடை என்று சொன்னேனே, அது இது. அரசமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி விவசாயமும் கரையோர மீன்வளமும் மாநிலப் பட்டியலில். வெளிநாட்டு ஒப்பந்தம் மத்தியப் பட்டியலில். விளைவைச் சுமப்பது மாநிலம், கையெழுத்துப் போடுவது மத்திய அரசு. நாடாளுமன்றத்தின் ஒப்புதல்கூடக் கட்டாயம் இல்லை. ஊரின் குரல் டெல்லிக்குப் போக முறையான பாதை இல்லாததால் சங்கம் வைத்திருப்பவர் குரலே போகிறது. கோவில்பட்டி, சாத்தூர் தீப்பெட்டி உற்பத்தியாளர்கள் பல ஆண்டு விடாமல் கேட்டு, 20 ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர் இறக்குமதிக்கு 2023 ஜூனில் தடை வாங்கினார்கள். அது உள்நாட்டு இறக்குமதிக் கொள்கை, உலக அமைப்பின் பேச்சுவார்த்தை அல்ல. ஆனால் எண்களோடும் அமைப்போடும் போனால் கேட்க வைக்க முடியும் என்பது தெரிகிறது. நிலாவாரை போடுகிறவருக்கும் நாட்டுப்படகு மீனவருக்கும் அந்த வசதி இல்லை. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களும் இந்த வேலையை எடுத்துக்கொள்ளலாம். மாநில அரசும் இதற்கென்று ஒரு சிறு அலுவலகத்தைத் தூத்துக்குடியில் வைக்கலாம், செலவு பெரிதாக இருக்காது.

தம்பிக்குக் கடைசியாக. டெல்லியில் இந்திய வெளிநாட்டு வர்த்தகக் கழகத்தோடு இணைந்த உலக வர்த்தக அமைப்பு ஆய்வு மையம் இருக்கிறது, அதன் வெளியீடுகளை வாசியுங்கள். ஜெனீவாவில் 2001 முதல் வளரும் நாடுகளுக்குக் குறைந்த கட்டணத்தில் வாதாடும் சட்ட ஆலோசனை மையம் செயல்படுகிறது, சட்டம் படிக்க எண்ணம் இருந்தால் அதைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஈபிங் என்ற இலவச இணையத்தளத்தில் பதிவு செய்தால், நீங்கள் தேர்ந்தெடுத்த பொருளுக்கு எந்த நாடு எந்தப் புதிய வரைவு வெளியிட்டாலும் மின்னஞ்சல் வந்துவிடும். மூலிகை, மிளகாய், கடல் உணவு மூன்றையும் தேர்ந்தெடுங்கள். வரைவு வந்ததும் கருத்துக் கெடு எந்தத் தேதி என்பதை முதலில் குறித்துக்கொண்டு, பொருளைத் தமிழில் ஒரு பக்கமாக எழுதி, சாத்தான்குளத்திலோ விளாத்திகுளத்திலோ உவரியிலோ அந்தப் பொருளோடு வாழ்கிற ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் சொல்வதை எழுதி, கெடு முடியும் முன் டெல்லி வணிக அமைச்சகத்துக்கு அனுப்புங்கள்.